உறவுமுறை: தெரிந்தவர்

மார்ச் 4, செவ்வாய்

பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மணமாகி இருபது ஆண்டு கடந்தவர்கள் துணையிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்பது ஆய்வுப் பொருள். வாக்காளர் பட்டியலிலிருந்து, எவருடைய விருப்பு வெறுப்பும் கலவாத முறையில், என் பெயர் தேர்வானதாம்.

மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: “போயிட்டுத்தான் வாங்களேன். இத்தனை பேர்ல உங்க பேரு விழுந்திருக்கு.”

ஒப்புதல் படிவத்தை இருமுறை படித்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்கிறது ஏழாம் பிரிவு. ‘பிற குறிப்புகள்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. குறுக்கே கோடிட்டுவிட்டுக் கையொப்பமிட்டேன். காலிக் கட்டம் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று முப்பது ஆண்டு வக்கீல் தொழிலில் கட்சிக்காரர்களிடம் சொல்லி வருபவன் நான்.

மார்ச் 11, செவ்வாய்

முதல் அமர்வு. சிறிய அறை, இரண்டு நாற்காலிகள், ஒரு ஒலிப்பதிவுக் கருவி. சுவருக்கு அப்பால் நகல் எடுக்கும் இயந்திரம் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தது. ஆய்வாளர், என் மகள் வயதிருக்கும் பெண்.

மகள் வயது. ஏன் அப்படி எழுதினேன்? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அதைத்தான் சொன்னேன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், ஆறு மாதக் கர்ப்பத்தில் மனைவிக்கு வலி கண்டபோது என்னை அழைத்தாள். நான் வாதத்தின் நடுவில் இருந்தேன். அழைப்பைத் துண்டித்தேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கைபேசி அணைந்திருந்தது என்று அவளிடம் சொன்னேன்.

இதுவரை ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை. இவரிடம் ஏன் சொன்னேன்? யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால். ஓர் எண் என்னைத் தேர்ந்தெடுத்தது. எண்ணுக்கு என் மீது முன்விரோதம் கிடையாது, இரக்கமும் கிடையாது. வீடு திரும்பும்போது உடல் இலேசாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டாம் அமர்வு. தேர்வு எப்படி நடந்தது என்று வெறும் ஆர்வத்தில் கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார்: “ஏழாவது பேர்ல தொடங்கினோம் சார். அதுக்கப்புறம் நாப்பதுக்கு ஒருத்தர்.”

வீட்டுக்கு வந்து வாக்காளர் பட்டியலை எடுத்தேன். என் வரிசை எண் 418. ஏழில் தொடங்கி நாற்பது நாற்பதாகக் கூட்டினால் 407 வரும், அடுத்தது 447. எந்தக் கணக்கிலும் 418 வராது.

407 கீழ்வீட்டுத் தையல்காரர். இறங்கிப் போய்க் கேட்டேன். “வந்துச்சு வக்கீல் சார். பொண்டாட்டிகிட்ட சொல்லாதத அவங்ககிட்ட வந்து சொல்லணுமாம். எனக்கென்ன பைத்தியமா?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 20, வியாழன்

முன் அனுமதியின்றிப் போனேன். கணக்கை ஒரு தாளில் எழுதி ஆய்வாளர் முன் வைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

“அறுபது கடிதம் அனுப்பினோம் சார், ஒம்பது பேருதான் வந்தாங்க. அதனால முறைய மாத்திட்டோம். வந்தவங்க ஆளுக்கு ஒருத்தரச் சொல்லணும், அவங்க இன்னொருத்தர. பனிப்பந்து முறைன்னு பேரு. உருள உருளப் பெருசாகும். பழைய கடிதத்துல அந்த வரிய மட்டும் மாத்த மறந்துட்டேன்.”

யார் என்னைச் சொன்னது? அதைச் சொல்வது விதிக்கு முரண் என்றார். சரியான பதில். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆனால் என் படிவத்தைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்தில் பரிந்துரைச் சீட்டைக் கழற்றாமல் விட்டிருந்தார். பெயர் மறைக்கப்பட்டிருந்தது, கையெழுத்தை யார் மறைக்க முடியும்? கரும்பலகைக்குப் பழகிய, ஒவ்வொரு எழுத்தும் தனித்து நிற்கும் கை. பலசரக்குப் பட்டியலில் நான் தினமும் பார்க்கும் கை.

‘பரிந்துரைக்கப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: தெரிந்தவர்.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் கேட்கவில்லை. கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

வரிசைப்படுத்தியது எதுவும் பயன்படவில்லை. குரல் உயர்ந்தது என்னுடையதுதான்.

“ஆமா, நான்தான் எழுதினேன்,” என்றாள். துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “எங்க பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி என்னைச் சொன்னா, நான் உங்களச் சொன்னேன். போங்கன்னு நேரா சொல்லியிருந்தா போயிருப்பீங்களா? நோட்டீஸ் வந்தாத்தான உங்களுக்கு எதுவும் காதுல விழும்.”

“தெரிந்தவர்னு எழுதியிருக்க.”

“குடும்பத்து ஆளச் சொல்லக் கூடாதுன்னு கீழ போட்டிருந்துச்சு. வேற என்ன எழுத?” ஒரு சட்டையை உதறிவிட்டுச் சொன்னாள்: “எழுதும்போதே யோசிச்சேன். அதுவே கொஞ்சம் அதிகமோன்னு.”

இருபத்திரண்டு ஆண்டுகள்.

ஆய்வாளரிடம் நான் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தானே இந்த ஏற்பாடு என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது.

“எதைத் தெரிஞ்சுக்கணும்? ஃபோன கட் பண்ணினதையா?”

ஆய்வாளர் சொன்னாரா என்றேன்.

“அவ எதுவும் சொல்லல. பாவம், அவ மேல பழி போடாதீங்க. அணைஞ்சு கிடக்குற ஃபோன்ல மணி அடிக்குமா? எனக்கு ரெண்டு தடவை அடிச்சு நின்னுச்சு. வக்கீலுக்கு அதுகூடத் தோணல.” கடைசித் துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். “அத என்கிட்ட சொல்லுவீங்கன்னு பதினெட்டு வருஷம் பாத்தேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தர்கிட்டயாவது சொல்லட்டும்னு அனுப்பினேன். சொன்னீங்களா?”

சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “என்னை ஏமாத்திட்ட.”

“சரி,” என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

ஏழாம் பிரிவின்படி விலகல் கடிதம் கொடுத்தேன். ஒலிப்பதிவை என் கண் முன்னாலேயே அழித்தார். அழிந்துவிட்டது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

வாங்கி என்ன செய்ய?

ஏப்ரல் 2, புதன்

மனைவி அங்கே பேசிய பதிவு அழியாமல் இருக்கிறது. அதே நாளைப் பற்றியதாக இருக்கலாம். அந்த ஆய்வாளர் அதைக் கேட்டுவிட்டுத்தான் என் எதிரில் அமர்ந்து, ஒன்றும் தெரியாதவர் போல், “அப்புறம் சார்?” என்றிருக்கிறார்.

அதைவிட, அவள் பதினெட்டு ஆண்டுகள் ஒன்றும் தெரியாதவள் போல் என் எதிரில் சாப்பிட்டிருக்கிறாள். யார் யாரை ஏமாற்றியது? இரு தரப்பிலும் வழக்கு இருக்கிறது. விசாரிக்கத்தான் ஆளில்லை.

ஏப்ரல் 26, சனி

நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், மாடியில், நான் தனியாக இருக்க வாடகைக்கு ஓர் அறை. சன்னல் உண்டு. ஒரு மேசை போடலாம். இரண்டு பெட்டிகளை அவளே கட்டிக் கொடுத்தாள். ஒன்றின் மேல் ‘புத்தகம்’ என்றும், மற்றதன் மேல் ‘சட்டை, மாத்திரை’ என்றும் அதே தனித்தனி எழுத்துகளில் எழுதியிருக்கிறாள்.

வீட்டுக்காரர் ஒரு படிவம் நீட்டினார். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்? அவள் பெயரையும் எண்ணையும் எழுதினேன். எண்ணைப் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை. அடுத்த கட்டம்: உறவு.

பேனா நெடுநேரம் நின்றது. “என்ன சார், மை தீந்துடுச்சா?” என்று கேட்டார்.

கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.