மலை வழியில் ஏந்திய சொம்பு

வலியசாலை,
மாசி 12

உங்களுக்கு நமஸ்காரம்.

நான் தனியாகவே ரயிலேறி வீடு வந்து சேர்ந்துவிட்டேன். செங்கோட்டையில் உங்களுக்கு உபசாரத்துக்கா குறைச்சல்!

குழந்தைக்காக வேண்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதானே என்னைக் கிளப்பினீர்கள்? வர்க்கலைக் கடலில் விடிகாலைப் பனியில் என் கையைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போட்டீர்கள். பிறகு தென்மலை வளைவுகளில் பஸ் ஆடிய ஆட்டத்தில் வாந்தி எடுத்தீர்கள். அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த சொம்பை மடியில் வைத்து ஏந்தினேன். உங்கள் வாயை என் முந்தானையால் துடைத்தேன். சத்தியமாக, அப்போது எனக்கு அருவருப்பே இல்லை.

அதே வாயால் செங்கோட்டையில் அந்தப் பெண் வீட்டில் சொஜ்ஜியை வழித்துத் தின்றுவிட்டு, "பேஷ்! பொண்ணு பண்ணினதா?" என்றீர்களே, அப்போதுதான் குமட்டியது.

பெண்ணின் தாயார் என் கையில் மல்லிகைச் சரத்தைத் திணித்தாள். "மூத்தாள் நீங்களே இவ தலையில வெச்சு விடுங்கோ. உங்களுக்குப் பூரண சம்மதம்னு உங்காத்துக்காரர் எழுதியிருந்தாரே!"

நீங்கள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உள்ளே அந்தப் பெண் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இவர் நல்லவரா?" என்று கேட்டாள். பதினாறு வயசுகூட இராது. பூவை அவள் கையிலேயே கொடுத்து, "வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லிடு" என்றேன்.

சொம்பை உங்கள் பெட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அலம்பவில்லை. திரும்பி வருகிற வழியும் அதே மலைதான். நீங்களே ஏந்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்மதம் கேட்காமல் வந்துவிட்டவள்