நின்ற இதயமும் நான் நிறுத்திய பேச்சும்

என் அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் சில வாரங்களும் ஆகிவிட்டன. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கு நான் செய்த தப்பை நாலு பேர் முன்னால்தான் செய்தேன். அதை ஒப்புக்கொள்வதும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

முதலில் வீட்டு நிலவரம். பல்லேபொல ஊரில், நம் வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணி உங்கள் த்ரீவீல் ஆட்டோவை விற்கவில்லை. மகள் ஓட்டப் பழகிவிட்டாள், உங்களைவிட மெதுவாகத்தான் போகிறாள். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் முறத்தை மட்டும் இன்னும் யார் கையிலும் கொடுப்பதில்லை.

எனக்கு அதே வேலைதான். மாத்தளையில் என் வீட்டிலிருந்து காலை ரயிலில் கண்டிக்குப் போய், ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்கிறேன். மாத்தளை ஸ்டேஷனில் என்னை இறக்கிவிடும்போது வண்டியில் இருக்கிற ஆட்களிடம் நீங்கள் சொல்வீர்களே: "இது நம்ம தங்கச்சி. மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு பாத்துச் சொல்லிரும். சூதானமா ஒக்காருங்க." எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது.

புது மெஷின் வந்த வருஷம், சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் நீங்கள்தான் வந்தீர்கள். கண்ணை மூடச் சொன்னேன். திரையில் ஒரே சீரான அலைகள் எழுந்தன. விழித்திருக்கிறவர் கண்ணை மூடினால் தலையின் பின்பக்கத்தில் வருகிற அலை அது.

"இப்ப நான் என்ன நெனச்சேன், சொல்லு பாப்போம்?"

"அதெல்லாம் இதுல தெரியாதுண்ணே. முழிச்சிருக்கீங்களா, தூங்குறீங்களா, வலிப்பு இருக்கான்னு பாக்கத்தான்."

"அப்ப இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு?"

அறையே சிரித்தது. தலையில் ஒட்டிய பசையைக் கழுவாமலே நீங்கள் மாத்தளை டவுன் முழுக்கச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனீர்கள்.

அப்புறம் அந்தக் காலைப்பொழுது. வீட்டுத் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர், ஏணியை விட்டு இறங்கி நாலடி வைத்ததும் விழுந்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா முதலுதவி படித்தவர். அண்ணி அலறியதும் ஓடி வந்து, சிங்களத்தில் எண்ணிக்கொண்டே ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் நெஞ்சை அழுத்தினார். அவர் கை ஓயவே இல்லை. உங்கள் இதயம் சில நிமிஷங்கள் நின்றிருந்தது என்று டொக்டர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் வார்ட்டில் நீங்கள் சொன்ன முதல் பெயர் வள்ளி.

வள்ளியைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசியதில்லை. அதனால் படிக்கிறவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும். அவள் நம் கடைசித் தங்கச்சி. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்த காலம்; உங்களுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு, அவளுக்கு நாலு. அடைமழை. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார், அப்பா தோட்டத்தின் வேறு டிவிஷனில் வேலைக்கு. காய்ச்சலில் கிடந்தவளுக்கு மதியம் கைகால் இழுத்து வலிப்பு வந்தது. அவளை முதுகில் தூக்கி, மேலே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்தீர்கள். நான் பின்னால் ஓடிவந்தேன். பாதி வழியில் மழை கண்ணை மறைத்தது. ஒரு பாறைக்கடியில் ஒதுங்கினோம், கொஞ்ச நேரம்தான். டிஸ்பென்சரியில் இறக்கியபோது அவளுக்கு உயிர் இல்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நீங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அன்று வார்ட்டில் அண்ணி, மகள், குசுமா அக்கா, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். உங்கள் முகம் தெளிந்திருந்தது. நான் அதற்கு முன் பார்க்காத ஒரு தெளிவு.

"சாந்தி, நான் வள்ளியப் பாத்தேன். எம் முதுகுலதான் இருந்துச்சு. கனமே இல்ல. 'அண்ணே, எறக்கி விடு, நான் நடக்குறேன்'னுச்சு. எறக்கி விட்டேன். மழையெல்லாம் விட்டிருச்சு. புள்ள பாட்டுக்கு முன்னால நடந்து போச்சு. ஒரு எடத்துல நின்னு திரும்பிப் பாத்துச்சு. அப்ப அது மொகம் இருக்கே..."

நான் குறுக்கே விழுந்தேன்.

"அண்ணே, இதயம் நின்னா மூளைக்கு ஒக்சிஜன் போகாது. அந்த நேரத்துல மூளை பழசையெல்லாம் கிளறிக் காட்டும். நெறையப் பேரு இப்புடிச் சொல்லுவாங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க."

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். படித்தவள் என்று காட்டிக்கொள்ளவும் கொஞ்சம் ஆசை இருந்திருக்கும். அடுத்த கட்டில்காரர் சிரித்தார்.

"அப்புடியா?" என்றீர்கள். போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டீர்கள். "அம்மாகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். வேணாம், விடு."

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தீர்கள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டீர்கள், சிரித்தீர்கள், என்னைக் கிண்டல் செய்தீர்கள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எத்தனையோ காலைகள் இருந்தன. நான் ஏன் கேட்கவில்லை?

இரண்டாம் தடவை இதயம் நின்றபோது பக்கத்தில் ஆள் இல்லை. திரும்பவும் துடிக்க வைத்தார்கள், ஆனால் நினைவு வரவில்லை. நாலாம் நாள் உங்களுக்கு மூளை அலை எடுக்கச் சொல்லி எங்கள் பிரிவுக்குச் சீட்டு வந்தது. வேறொருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். நானே செய்கிறேன் என்றேன். உங்கள் தலையை வேறொரு கை தொடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நினைவில்லாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அலை மாறுகிறதா என்று பார்ப்பது எங்கள் முறை. வாழ்நாளில் நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று "ஆறுமுகம், ஆறுமுகம்" என்று கூப்பிட்டேன். அலை மாறவில்லை. "அண்ணே" என்றேன். அப்போதும் மாறவில்லை. குரலுக்கு மாற்றம் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். மறுநாள் பகல் நீங்கள் போய்விட்டீர்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பிரிவின் இளம் டொக்டர் ஒருவர், சாகும் நேரத்து மூளையைப் பற்றி எங்களுக்கு விளக்கினார். இதயம் நின்றதும் மூளை தடுமாறி, சில நொடிகளில் அணைந்துவிடும் என்றுதான் நான் படித்திருந்தேன். ஒயர் மாட்டியபடியே இறந்த சிலருக்கு, அந்தக் கடைசி நேரத்தில் வேகமான அலைகள் திடீரென்று எழுந்து அடங்கியது பதிவாகியிருக்கிறதாம். விழித்திருந்து ஒன்றைக் கவனிக்கும்போதும் நினைவுகூரும்போதும் வருகிற வகை அலைகள்.

"அப்ப அவங்க என்னத்தையாவது பாத்திருப்பாங்களா, டொக்டர்?"

"தெரியாது, மிஸ். அலை பதிஞ்சவங்க திரும்பி வந்து சொல்லல்ல. வந்து சொன்னவங்க தலையில பெரும்பாலும் ஒயர் இருக்கல்ல. நாங்க இன்னும் ரெண்டையும் சேத்துப் பாக்குற எடத்துக்கு வரல்ல."

தெரியாது. எவ்வளவு சின்னச் சொல், அண்ணே! அன்று வார்ட்டில் எனக்கு அது வாயில் வரவில்லையே. நான் சொன்ன விளக்கம் முழுப் பொய்யும் இல்லை. ஒக்சிஜன் குறைவதும் அதில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் உங்கள் தங்கச்சி உங்கள் முதுகிலிருந்து இறங்கி நடந்ததை அந்த ஒரு வார்த்தையால் மூடிவிட எனக்கு என்ன உரிமை இருந்தது?

பிறகு சீகிரியாப் பக்கத்து ஹோட்டலில் தோட்டவேலை செய்கிறவர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். அவருக்கும் இதயம் நின்று திரும்பியிருந்தது. ஒயர்களைக் கழற்றும்போது ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மனைவி, "சும்மா இருங்க, மிஸ் சிரிப்பாங்க" என்று அடக்கினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் சிரிக்க மாட்டேங்க. சொல்லுங்க" என்றேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது. கடைசியில் மனைவிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லேபொலவுக்குப் போனேன். அம்மா முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு, நீங்கள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாறைக்கடியில் ஒதுங்கியதையும் சொன்னேன்.

அம்மாவின் கை மிளகுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"திரும்பிப் பாத்துச்சாமா? மொகம் எப்புடி இருந்துச்சாம்?"

"அதுக்குள்ள நான் பேச்ச நிறுத்திட்டேம்மா."

"ஒரு போட்டோ இல்ல புள்ளைக்கு. எனக்கு அது மொகம் மறந்து எத்தன வருசமாச்சு. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே அம்மா பேசினார். "அன்னைக்குக் காலையில நெத்தியத் தொட்டுப் பாத்தேன். கொதிச்சுச்சு. வீட்டுல நின்னா வேலை வாங்குற கணக்குப்புள்ள ஏசுவாருன்னு வேலைக்குப் போனேன். அதை நான் யாருக்கும் சொல்லல. அவன் மேல ஒரு நாளும் எனக்குக் குத்தம் தோணினதில்ல, சாந்தி. அவன் அது தெரியாமலே போயிட்டானா?"

உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டதா, அண்ணே? அன்று நீங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதிருப்பீர்கள்.

இப்போது அம்மா வள்ளியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். அவள் உப்புப் போட்டுத்தான் ஜம்புப் பழம் சாப்பிடுவாளாம், கோழிக்குப் பயப்படுவாளாம். சொன்னதையே திரும்பச் சொல்கிறார், சில நேரம் மாற்றியும் சொல்கிறார். உங்கள் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அம்மா இருக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அந்த முற்றத்துக்குப் போவேன். அம்மா எதைச் சொன்னாலும், எத்தனை தடவை சொன்னாலும், "பொறகு என்னம்மா?" என்று மட்டும் கேட்பேன்.

உங்களுக்குத் தங்கையும் வள்ளிக்கு அக்காவுமான,
சாந்தி