சினை மீன் ஒதுங்கும் குழி

மகனே,

எனக்கு எழுத்து வராது. தபால்காரி எவ்தோகியா எழுதுகிறாள். சிறையில் குளிர் அதிகமா? கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

உன் தூண்டில் வரிசையிலிருந்து காவலர்கள் அறுத்துத் தண்ணீரில் விட்ட, பிடிக்கக் கூடாதென்று சட்டம் போட்டிருக்கும் அந்த ஸ்டர்ஜன் மீன் பிழைத்துக்கொண்டது. இந்த ஐந்து வருடத்தில் டான்யூப் ஆற்றில் நான் பார்த்த ஒரே சினை மீன் அதுதான்.

உன் அம்மா நான் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

"எவன் காட்டிக்கொடுத்தான்னு விசாரிச்சுச் சொல்லுப்பா" என்று கேட்டிருந்தாய். சினை மீன் ஒதுங்கும் அந்தக் குழியை உன் ஏழு வயதில் உனக்குக் காட்டியவன் நான். நம் இருவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

"பெத்த பிள்ளைய்யா பெரியவரே, இதையுமா எழுதச் சொல்றீங்க?" என்கிறாள் எவ்தோகியா.

"எழுது தாயி, உன் பேனா என்ன தேஞ்சா போகும்?" என்றேன்.

மீனை விட்டுவிட்டு, உன்னையும் அதட்டி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன், மகனே.

உன் அப்பா