மூங்கில் கட்டிய கிறிஸ்துமஸ் மரம்

2024 மே 3

புது வீடு பால் காய்ச்சி மூன்று மாதமாகிறது, முன்வாசல் இன்னும் மொட்டை. காலி பெயிண்ட் டப்பாவில் என் வீட்டுக்காரி ஆனந்தி வைத்த துளசி ஒன்றுதான் எங்கள் தோட்டம். இன்று யோகப்பிரியா போனில் ஒரு படத்தை நீட்டினாள். ஏதோ பங்களா. கேட்டுக்கு இரண்டு பக்கமும் குடை மேல் குடை அடுக்கி வைத்த மாதிரி மரம்.

"அப்பா, இப்படி ரெண்டு வெச்சா நம்மூடு எப்படி இருக்கும்!"

"ஊடு ஊட்டி மாதிரி இருக்கும் கண்ணு. உள்ள நாம நம்மூரு கொழிஞ்சாம்பாறை வெயில்ல வெந்துட்டிருப்போம்."

ஊசியிலை மரமாம். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதிப் பாஸானவன் நான், இரண்டு தடவையும் இந்தப் பாடம் கண்ணில் பட்டதாக ஞாபகமில்லை. வளர்த்ததெல்லாம் தென்னை. கேலி பண்ணிவிட்டு வந்தேனே தவிர அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, மத்தியானம் முழுக்க அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பெயரைச் சொல்கிறேன். ஆசை என்னுடையது.

மே 6

வேளாண்மை ஆபீசான கிருஷி பவனுக்குப் போனேன். ஆபீசர் டின்சி மேடம் கோட்டயத்துக்காரர். இங்கே வந்து தமிழ் பழகிவிட்டார், கோபம் வந்தால் முழுக்க மலையாளம். பொறுமையாகச் சொன்னார். தூஜாவும் ஜூனிபரும் நம் வெயிலைத் தாங்கும், ஆனால் குட்டையாகத்தான் நிற்கும். கோல்டன் சைப்ரஸ் மலைச் சரக்கு, இங்கே ஒரு பங்குனியிலேயே கருகிப்போகும். கோபுரம் மாதிரி வேண்டுமென்றால் அராகேரியா, ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்பது. அது ஓங்கி வளரும், அதனால் சுவரை விட்டுத் தள்ளி, கரண்ட் கம்பி இல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

"வாங்கறதுக்கு முந்தி எனக்கு ஒரு போட்டோ அனுப்பணும், கேட்டோ சேட்டா. அராகேரியால ஏமாத்து நிறைய."

"நமக்கு என்னங்க மேடம் ஏமாத்து? மச்சினனே நர்சரி வெச்சிருக்கான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மே 12

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு தாண்டிப் பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம். நானும் ஆனந்தியும். அவள் தம்பி சிவப்பிரகாஷ் தேயிலைச் சரிவை ஒட்டிக் குத்தகைக்கு இடம் பிடித்து நர்சரி போட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் தங்கித்தான் பக்கத்துச் சித்தூர் காலேஜில் படித்தான். என் சட்டைகளில் நல்லது எது என்று எனக்கு முன்னால் அவனுக்குத்தான் தெரியும்.

"வாங்க மச்சான்! மலைக்கு வர்றதுக்கு இத்தன வருசமா?"

வரிசை வரிசையாகச் செடி. நான் தென்னம்பிள்ளை எடுக்கிற வழக்கத்தில் குனிந்து ஒவ்வொன்றின் கழுத்துப் பருமனையும் விரலால் அமுக்கிப் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். "இது தேங்காய்ல மொளச்சது இல்லீங் மச்சான்."

ஓரத்தில் ஒரு வரிசை அராகேரியா, நட்சத்திரம் மாதிரி நாலாபக்கமும் கொம்பு விட்டு, குச்சியில்லாமல் தானே நின்றது. அதில் கை வைத்தேன். "அது ரிசார்ட்காரங்க சொல்லி வெச்சதுங். உங்களுக்குன்னு தனியா வளத்தி வெச்சிருக்கேன், வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனான். இவை இன்னும் உயரம். மூங்கில் குச்சியில் மூன்று இடத்தில் கட்டியிருந்தது. கொம்பெல்லாம் இரண்டு பக்கம் மட்டும், மயில்தோகையை இஸ்திரி போட்ட மாதிரி தட்டை.

"ஏன் மாப்ள இப்படித் தட்டையா இருக்கு?"

"எளசுங் மச்சான். வளர வளரச் சுத்தியும் வந்துரும்."

காசு வேண்டாம் என்றுவிட்டான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? டின்சி மேடத்துக்குப் போட்டோ எடுக்கலாம் என்று போனை வெளியே எடுத்தேன். சொந்த மச்சினன் கொடுக்கிற செடியை அவன் முன்னாலேயே படம் பிடித்து ஆபீசருக்கு அனுப்புவதா என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். நான் டீக்கடைக்குப் போன நேரம் அக்காளும் தம்பியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வரும் வழியெல்லாம் ஆனந்தி பேசவே இல்லை. மலை வளைவு, குமட்டுகிறதாக்கும் என்று எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 2

நட்டாயிற்று, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று. பழக்க தோஷம், தென்னைக்கு எடுப்பது போல் வட்டப் பாத்தி எடுத்துத் தண்ணீர் கட்டிவிட்டேன். யோகப்பிரியா திட்டித் தீர்த்துவிட்டாள். சாலைக்கு எதிரே மளிகைக்கடை முஸ்தபா வேலையை விட்டு வந்து பார்த்தான்.

"அண்ணே, ஸ்டார் எப்பத் தொங்கவிடறீங்க? கேக் வெட்டறப்பக் கூப்பிடுங்க, நான் பிரியாணியோட வர்றேன்."

"உனக்குத்தான்டா முதல் துண்டு."

நேற்றுப் பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல் இன்று எத்தனை முறை வாசலுக்குப் போனேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூலை 14

நல்ல மழை. மரம் நிமிர்ந்து நிற்கிறது. நானும்.

ஆகஸ்ட் 25

சிவப்பிரகாஷ் வந்திருந்தான். மலையில் குத்தகை முடிகிறதாம். நம் ரோட்டோரத் தென்னந்தோப்பைக் கொடுத்தால் நர்சரியை இங்கேயே கொண்டுவந்துவிடுகிறேன் என்றான். கோயமுத்தூர்க்காரர்கள் காரை நிறுத்தி வாங்கிப்போவார்களாம், நானும் கூட்டாம். தென்னையை மட்டும் எடுக்க வேண்டும், செடிக்கு இடம் வேண்டுமல்லவா.

அது என் அப்பா வைத்த தோப்பு. ஆனந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி, அவன் பக்கத்தில் வந்துவிட்டால் அவளுக்கும் ஒரு பலம். அவன் கேட்டைக் காட்டிச் சொன்னான்: "அந்த ரெண்டு மரத்தப் பாருங் மச்சான். என் வேலைக்கு அதவிட வேற என்ன சாட்சி வேணும்?"

சரி என்றேன். பங்காளிகள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே சொன்னேன். பொங்கல் கழிந்ததும் வெட்டுவது. சாயங்காலம் போய் ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் குறி போட்டேன். குறி போடும்போது மரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நவம்பர் 10

கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. கட்டிய கயிறு மரத்தின் தோலில் பதிந்து கிடந்தது. அறுத்து, குச்சிகளை உருவிப் போட்டேன். இனி உன் கால், உன் பாடு என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் இரண்டும் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறது. காற்று என்று நினைத்து நிமிர்த்தினேன். விட்டால் மறுபடி கும்பிடு.

நவம்பர் 12

இன்னும் தாழ்ந்துவிட்டது. நுனி தரையைத் தேடுகிறது. முஸ்தபா வந்தான். "என்னண்ணே, மரம் தொழுகைக்கு நிக்குதா?" என்றவன் என் முகத்தைப் பார்த்ததும் கடைக்குத் திரும்பிவிட்டான்.

டின்சி மேடம் ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டார். ஒரு கொம்பைப் புரட்டிப் பார்த்ததோடு சரி.

"சேட்டா, இது விதையில மொளச்சதில்ல. பெரிய மரத்துல பக்கக் கொம்பு வெட்டி வேர் பிடிக்க வச்சது. பக்கக் கொம்பு எங்க நட்டாலும் பக்கக் கொம்பாத்தான் வளரும். மேல போகாது, சுத்தியும் கொம்பு வராது. அது சாகும்வரை அப்படித்தான்."

"உரம் போட்டா?"

"தடிச்ச பக்கக் கொம்பாகும்."

"வளத்தறவங்களுக்கு இது தெரியுமுங்களா?"

அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். ஆயுசு முழுக்கக் கொம்பே இல்லாத மரத்தை வளர்த்தவன் நான். தென்னைக்கு ஒரே தலை. கொம்பில் எது தலை எது பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாடு பிடிக்கப் போயிருந்தால் பல்லைப் பார்க்காமல் விட்டிருப்பேனா?

அதே நாள், சாயங்காலம்

எழுதலாமா வேண்டாமா என்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஆனந்தியிடம் போய், "உன் தம்பி குடுத்த மரம் நிக்காதாம், ஆபீசரம்மா சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "வெத மரமெல்லாம் ரிசார்ட்டுக்குப் போயிருதுன்னான். அவன் என்ன பண்ணுவான்?" என்றாள்.

நான் விதை என்று வாயே திறக்கவில்லை.

அவளுக்கும் அது உறைத்துவிட்டது. கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"எப்பத் தெரியும் புள்ள?"

"...அன்னைக்கேங்க. நீங்க டீக்குடிக்கப் போனப்ப."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"தோப்பு வேணும்னும் அப்பவே சொன்னான். இதச் சொன்னா நீங்க குடுக்க மாட்டீங்கன்னு..."

அய்யோ ஆனந்தி. அஞ்சு மாசமா நான் அதுக்குத் தண்ணி ஊத்தறப்பெல்லாம் நீ ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தானே இருந்த? கேட்டுக்கிட்ட நின்னு நான் போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் பீத்தினதையும் கேட்டுட்டுத்தானே இருந்த? அவன் ஏமாத்தினான், சரி, அவன் யாவாரி. நீ?

நவம்பர் 13

எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேனே, அதை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது.

நவம்பர் 16

சிவப்பிரகாஷ் போனை எடுத்தான். சண்டை போடத்தான் கூப்பிட்டேன். கடைசியில் நான்தான் குற்றவாளி.

"நீங்க எதுக்குங் மச்சான் குச்சிய உருவுனீங்க?"

"உருவாம? எத்தன நாளைக்கிடா மரத்துக்கு ஊன்றுகோல்?"

"ரோட்டுல போறவங்களுக்கும் அதையேதான் குடுக்கறேன். ஒருத்தரும் கொறை சொன்னதில்ல. குச்சி இருக்கற வரைக்கும் மரம் மரந்தானுங்."

ரோட்டில் போகிறவனுக்கும் எனக்கும் ஒரே சரக்கு. சரி, அதையாவது ஒளிக்காமல் சொன்னானே. போனை வைத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. தோப்பை வெட்டி நர்சரி போட்டால், என் அப்பா வைத்த இடத்தில் நின்று நானும்தான் இதை விற்க வேண்டும். கோயமுத்தூரிலிருந்து எவனோ ஒருவன், மகளைக் கூட்டிக்கொண்டு, ஆசையாகக் காரை நிறுத்துவான். "எளசுங்க, வளர வளரச் சுத்தியும் வந்துரும்" என்று நான் சொல்ல வேண்டும்.

ஆனால் பங்காளிகள் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை என்ன செய்வது?

டிசம்பர் 1

வீட்டில் சோறு உண்டு. பேச்சு இல்லை. யோகப்பிரியா இரண்டு பக்கமும் தூது போகிறாள். "அம்மா குழம்புல உப்பு போதுமான்னு கேக்கறாங்கப்பா." "போதும்னு சொல்லு கண்ணு." உப்பு இல்லவே இல்லை.

டிசம்பர் 22

ஆனந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். தம்பியிடம்தான். நான் உள்ளே இருப்பது தெரிந்தேதான் போட்டாளோ என்னவோ.

"ஏன் சாமி, வெத மரம் ரெண்டு கொண்டாந்து மாத்திக் குடுத்துரேன். மனுசன் சரியாச் சாப்பிடறதே இல்ல."

"பாக்கலாங்க்கா. மச்சான் வெட்டறதுக்கு ஆள் சொல்லிட்டாரா, இல்லியா? அதச் சொல்லுங்க மொதல்ல."

அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவள் கீரைத் தண்டை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 5, 2025

பங்காளிகளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: தோப்பு இல்லை, கொடுத்த வாக்கை எடுத்துக்கொள்கிறேன். காரணம் கேட்டார்கள். "மரம் வெட்டறவனுக்குக் கை சுளுக்கு" என்றேன். சிரித்தார்கள். நாலு நாள் பேசுவார்கள், பேசட்டும். ஆனந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. இது என் முறை என்று ஒரு அற்ப புத்தி.

ஜனவரி 11

இரண்டு மாதம் கழித்து இன்றுதான் நேராக என்னிடம் பேசினாள்.

"ஏனுங்க. பொங்கலுக்குத் தம்பி வர்றான். அன்னைக்கு ஒருநாள் மட்டும் அதுகளுக்குக் குச்சி கட்டிருங்க. பாத்தா மனசு நொந்துக்குவான்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மனசு அவனுக்கு மட்டுந்தான் இருக்கா? இதைக் கத்தவில்லை, இங்கே எழுதுகிறேன். தோப்பைக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொன்னேன், பங்காளிகளிடம் பேசியதையும். மூங்கில் குச்சிகளையும் கயிற்றையும் எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தேன்.

"கட்டறதானா நீயே கட்டிக்க."

ஜனவரி 14

பொங்கல். எழுந்து கேட்டைத்தான் முதலில் பார்த்தேன். மரம் இரண்டும் கட்டில்லாமல் தரையோடு படுத்திருந்தது. ஆனந்தி அதைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தாள்.

சிவப்பிரகாஷ் மலையிலிருந்து வட்டவடை கேரட் ஒரு மூட்டையோடு வந்தான். கேட்டுக்குள் கால் வைத்தவன் அங்கேயே நின்றான்.

"ஏங்க்கா, குச்சி கட்டலீங்களா?"

அவள் வாசல் அடுப்பில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அதா எரியுது பாரு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். பானைக்கு அடியில் மூங்கில். காற்றில் தீ சாய்ந்து சாய்ந்து எரிந்தது, ஒரு கணு படீரென்று வெடித்தது. யோகப்பிரியா "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள், பானை இன்னும் பொங்கவே இல்லை.

தம்பிக்கு முதல் இலை போட்டு, நெய் நிறைய விட்டுப் பரிமாறினாள். அவன் தோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். பஸ் மறைகிற வரை அவள் ரோட்டில் நின்றாள். கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி கேரட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் தோப்புக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வந்தாள், கையில் வாளித் தண்ணீர், தேங்காய் நார். ஒரு மரத்தில் சுண்ணாம்புக் குறியை நான் தேய்த்தேன். பக்கத்து மரத்தில் அவள்.

எவ்வளவு தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

"மழை வந்தாப் போயிருமுங்க" என்றாள்.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் "ம்" என்றேன்.