வசாகாவுக்கு ஐயரையும் வரச் சொன்னேன்

கேட்காமலே எல்லாம் தந்த என் அண்ணைக்கு,

வன்னியில் சண்டை முடிந்த கிழமை நீங்கள் ஷெல் பட்டு இறந்துவிட்டீர்கள். அகதி முகாமிலிருந்து போனில் பேசியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நான் நம்பினேன். அண்ணி நம்பவில்லை.

சண்டை இறுகமுதல் நீங்கள் கனடாவுக்கு அனுப்பிவைத்த அண்ணியும் மகள் ஆரணியும் இங்கே மல்வேர்னில் என் வீட்டு மேல்மாடியில்தான் இருக்கிறார்கள். அண்ணி போனைக் கீழே வைப்பதில்லை. குளிக்கப் போனாலும் ஆரணியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். சாப்பாடு தேத்தண்ணியோடு சரி. இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று பயந்தேன். நான் மரக்கறி மொத்த வியாபாரி. பழுதானதைப் பிரித்து எடுக்காவிட்டால் பெட்டி முழுக்கப் போய்விடும் என்பதுதான் எனக்குத் தெரிந்த நியாயம். உங்களுக்கு ஈமக்கிரியையைச் செய்து முடித்தால் அண்ணி அழுவார், அழுதால் சாப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஒருநாள் வெளியே போய்வருவோம் என்று அண்ணி, ஆரணி, என் பிள்ளைகள் எல்லாரையும் வான் வண்டியில் ஏற்றினேன். அந்தியேட்டிக் கிரியைக்கு வேண்டிய எள்ளையும் தர்ப்பையையும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஐயரை வசாகா கடற்கரைக்கு நேரே வரச் சொல்லியிருந்தேன். அண்ணிக்கு ஒன்றும் தெரியாது.

வழியில் பிள்ளைகள் கேட்டதால் ஒரு காட்டுப் பாதையில் இறங்கி நடந்தோம். விழுந்து கிடந்த பெரிய மரமொன்றின் பின்னால் அண்ணி போய்க் குந்தினார்.

"தம்பி, அதிலை நிண்டு பாத்தால் நான் தெரியிறனோ?"

தெரியவில்லை என்றேன்.

"அப்ப அவரும் இப்பிடி எங்கையாவது இருக்கலாந்தானே."

ஆரணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "சித்தப்பா, அம்மா ஹைட் அண்ட் சீக் விளையாடுறாவா?"

அந்தக் குழந்தைக்கு நான் என்ன சொல்ல, அண்ணை? அங்கேயே வானைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை.

கடற்கரையில் வெள்ளைக்காரர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஐயர் பட்டுவேட்டியோடு காருக்குள் வியர்த்துப்போய் இருந்தார். அவரைக் கண்டதும் அண்ணிக்கு விளங்கிவிட்டது. சத்தம் போடவில்லை.

"பெட்டியைத் திறந்து பாக்காமல் நீங்கள் ஒரு தக்காளிப் பெட்டி எடுப்பியளோ, தம்பி? என்ரை மனுசனை மட்டும் போனிலை கேட்டு முடிக்கிறியள்."

போனில் ஒருவர் பதுங்குகுழிக்குள் என்றார், இன்னொருவர் ரோட்டில் என்றார். ஒருவரும் உங்களைக் கண்ணால் கண்டதாகச் சொல்லவில்லை. நான் ஏன் அதைக் கேட்கவில்லை? ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் உங்கள் செய்தியோ என்று எடுப்பது எனக்கும் தாங்கவில்லை, அண்ணை. எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஐயரை நானே திருப்பி அனுப்பினேன். பிறகு தண்ணிக் கரையில் நின்று அண்ணியும் நானும் பேசினோம். சந்தையில் எவரிடமும் நான் இப்படி இறங்கிப்போனதில்லை.

பேசி முடித்தது இதுதான். உங்களைக் கண்ணால் கண்ட ஒருவர் முகாமைவிட்டு வந்து அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை கிரியை இல்லை, படத்துக்கு மாலை இல்லை. பொட்டு அவர் நெற்றியிலேயே இருக்கும். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு. பதிலுக்கு அண்ணி இரவில் எங்களோடு இருந்து சாப்பிடுவார். இந்தக் கடிதத்தை நான் பத்திரிகைக்குக் கொடுக்கலாம். உங்கள் பெயர் மட்டும் வரக்கூடாது; வந்தால் அது மரண அறிவித்தல் ஆகிவிடுமாம்.

உங்களுக்குப் பின் பிறந்தவன்,
தம்பி