கட்டுமரம் ஒன்று உண்டு

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
12–6–1973

ஆண்டவருடைய இரக்கத்தில் என்றும் நிலைத்திருக்க வேண்டிய என் அருமை மகள் ஹில்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணன் வால்டர் குடும்பத்தாரும் இறைவன் அருளால் சுகமாயிருக்கிறோம். ஜெர்மனி தேசத்தில் பிறர் பிணி நீங்கப் பணிபுரியும் நீயும் நலம் குன்றாதிருக்க, நாள்தோறும் ஜெபமாலையில் உன்னை ஒப்புக்கொடுத்து வருகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. அக்கினி நட்சத்திரம் முடிந்தும் தணியாத இந்த வெயிலில் அதை ஒருமுறை போட்டுப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். வால்டர் அண்ணா நகரில் வீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறான்; எண்ணூர்ப் புகையும் மீன் வாடையும் போதும், எங்களோடு வந்துவிடுங்கள் என்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இடது கண்ணில் புரை வளர்ந்திருப்பதால் வரிகள் ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள். இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றோடு உறங்காதே.

மகளே, பதினெட்டு ஆண்டுகளாக உன்னிடம் சொல்லாதிருந்த ஒன்றை இனி எழுதுகிறேன். நீ கன்னியர் மடத்தில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்த ஆண்டில், விடுதியும் உணவும் இலவசமாகத் தரும் இடம் நம் கோயில் பங்குக்கு ஒன்றுதான் இருந்தது. மனுக் கொடுத்தவர்கள் இருவர், நீயும் உன் வகுப்புத் தோழி அடைக்கலமேரியும். மதிப்பெண்ணில் அவள் உன்னைவிட நாற்பத்தொன்று கூடுதல். உங்கள் இருவருக்கும் குடும்ப நிலைச் சான்று எழுதியவள் வகுப்பாசிரியையாகிய நானே. சொத்தோ தொழிற்கருவியோ உண்டா என்ற கேள்விக்கு, உன் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அவள் படிவத்தில் ‘கட்டுமரம் ஒன்று உண்டு’ என்று எழுதினேன். முந்தின மழைக்காலத்துப் புயலில் அவள் தகப்பன் சிலுவைமுத்துவின் கட்டுமரம் சிதறிப்போய், ஒரே ஒரு கட்டைதான் கரை சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு கட்டையைக் கட்டுமரமென்று எழுதியதால் பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளையை மீறியவளாக மாட்டேன் என்று என் மனச்சாட்சிக்கு நானே உரையெழுதிக்கொண்டேன். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் இதைச் சொன்னதில்லை. பொய்யே சொல்லாதவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஏதுமற்ற குடும்பத்துக்கே முதலிடம் என்பது விதி. நீ போனாய். அவளை அவ்வாண்டே துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ராசையாவுக்குக் கட்டிவைத்தார்கள். இப்போது காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. பனிக்கட்டிக்குள் கையை விட்டு விட்டு அவளுடைய விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கின்றன. நெய்தல் திணைக்குரியது இரங்கல் என்று முப்பதாண்டு பாடம் சொன்னவள் நான். இரங்க வேண்டியவள் என் வகுப்பில் இரண்டாம் பலகையில் உட்கார்ந்திருந்ததைக் காணத் தவறினேன்.

சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் அவள் தன் மகள் ஐரீனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்தப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. நன்றாகத் தேறியிருக்கிறாள்; உனக்குக் கிடைத்த அதே இடத்துக்கு மனுச் செய்கிறாள். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் அவளும் தாயோடு கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். சான்று எழுதுங்கள் என்று அடைக்கலமேரி படிவத்தை நீட்டினாள். முதலில் கையொப்ப இடத்தில் என் பெயரை எழுதிவிட்டுச் சொத்துக் கேள்விக்கு வந்தேன். உடனே அவள், “டீச்சரம்மா, ஒண்ணியும் இல்லன்னு எழுதிடாதீங்கோ. தையல் மிசினு ஒண்ணு கீது. ஊசி ஒட்ஞ்சி பூட்ச்சு, ஆனா கீது. நாளைக்கு எம் பொண்ணு பொய் சொல்லிச்சின்னு ஒருத்தன் பேசக் கூடாது” என்றாள். அதற்குமேல் என் பேனா ஓடவில்லை. ஐரீனைக் குடத்தோடு குழாயடிக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, “எந்தக் கட்டை டீச்சரம்மா? அத்தத்தான் அந்தப் புயல் வருசம் கிறிஸ்மஸுக்கே எங்க நைனா பொளந்து, உங்க வூட்டுக்கும் ஒரு கட்டு வெறகு குடுத்தனுப்புனாரே. நான்தான தூக்கியாந்தேன்” என்றாள். அப்போதுதான் நினைவு வந்தது, ஹில்டா. கிறிஸ்மஸ் டிசம்பரில்; நான் சான்றெழுதியது அடுத்த ஜூனில். இத்தனை காலம் நான் பற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு கட்டையும் அன்று கரையில் இல்லை. அதில் வெந்த சோற்றை நீயும் நானும் உண்டோம். மன்னிப்புக் கேட்டேன். “என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஹில்டாவே போவட்டும்னு சொன்னாலும் சொல்லியிருப்பேன். கேக்கலியே” என்றாள். குரலை உயர்த்தவில்லை. என் கையிலிருந்த பேனாவை வாங்கிப் படிவத்தில் என் பெயரை அடித்தாள். “உங்க கையெழுத்து எம் பொண்ணுக்கு வாணாம். ஹில்டா அங்க படிச்சதுதான, அது எழுதட்டும். நடந்தது இன்னான்னு தெரிஞ்சிகினு எழுதட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பழைய மாணவியரும் சான்று அளிக்கலாம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அதை இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

மூத்தவனுக்குரிய ஆசீரை, பார்வை மங்கிய கணவரை ஏய்த்து இளையவனுக்கு வாங்கித் தந்த தாய் ஒருத்தி மறைநூலில் உண்டு. அதன்பின் அம்மகனைத் தூரதேசத்துக்கு அனுப்பினாள். அவள் அவனை மறுபடி கண்டதாக அங்கே ஒரு வரியும் இல்லை. நீ கண்விழித்துப் படித்ததும் அயல்நாட்டில் உழைத்ததும் உன்னுடையவை. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. வாசல் மட்டும் என்னால் களவாகத் திறக்கப்பட்டது. அந்தக் களவில் உனக்குப் பங்கில்லை. இதை அறியும் துயரத்தில் மட்டும் பங்கு தருகிறேன். என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். அந்தக் கோபத்தில் ஐரீனின் நாளைக் கடத்திவிடாதே.

திவ்விய மாதா உன்னைத் தன் மேலாடையால் மூடிக் காப்பாளாக. உன் கை தொட்ட நோயாளிகள் எழுந்து நடப்பார்களாக. ஜூலை பத்தாம் தேதிக்குள் படிவம் மடத்தில் இருக்க வேண்டும். விமானத் தபாலில் நேரே அடைக்கலமேரியின் பெயருக்கு அனுப்பு, என் பெயருக்கு வேண்டாம். என் பெயரின்மேல் உள்ள கோட்டைச் சுரண்டி அழிக்க முயலாதே. அது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே உன் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன் வரவையும் உன் பதிலையும் கேட்கும் தகுதியிழந்த அம்மா,
ச. மதலேனம்மாள்