கடலடியில் ஒரு கம்பி

புரூக்ளின்,
1898 மார்ச் 20, ஞாயிறு

அன்பு மகன் லோவலுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். ஹவானா வெயிலில் தலைவலி வருகிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா? தொப்பியில்லாமல் துறைமுகத்தில் உட்கார்ந்து வரையாதே. இங்கே இன்னும் குளிர் விடவில்லை. பள்ளியில் கணப்பு சரியாக எரிவதில்லை. பெண்கள் மேல்கோட்டைக் கழற்றாமலே லத்தீன் படிக்கிறார்கள். யாருக்கும் பாடத்தில் மனமில்லை. பாதிப் பேருக்குச் சண்டைக்குப் போகும் வயதில் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு பத்திரிகையில் உன் படம் வந்தது. முதல் பக்கம் முழுவதும். நம் போர்க்கப்பல் மெய்னின் அடிவயிறு, அதன் கீழே ஒரு கண்ணிவெடி, அதிலிருந்து கடலடியில் ஊர்ந்து கரைக்கோட்டை வரை போகும் ஒரு கம்பி. கோட்டைக்குள் ஒரு ஸ்பானிய அதிகாரி விசையின் மேல் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். ‘எங்கள் ஓவியர் லோவல் தோர்ன் நேரில் கண்டு வரைந்தது’ என்று கீழே போட்டிருக்கிறார்கள். அங்கே துறைமுகத்தில் கப்பல் வெடித்து, நம் மாலுமிகள் அத்தனை பேர் செத்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எதனால் வெடித்தது என்று விசாரிக்க உட்கார்ந்த கடற்படைக் குழு இன்னும் வாய் திறக்கவில்லை. பத்திரிகைகள் மட்டும் மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டன.

மளிகைக் கடை குண்டர்சன் படத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். மாவு வாங்கப் போன என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, “டீச்சரம்மா, உங்க பையனுக்குக் கழுகுக் கண்ணு! தண்ணிக்குள்ள இருந்ததையே பாத்துட்டானே!” என்றார். அவனைத் தண்ணீருக்குள் யார் கூட்டிப் போனார்கள் என்று கேட்டேன். “இப்படியே கேள்வி கேட்டுட்டிருந்தா சண்டைய எப்பம்மா ஆரம்பிக்கிறது?” என்று சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை ஒத்தேரோவின் சுருட்டுக் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். ஸ்பெயின்காரர்களுக்குப் பயந்து, அவர்கள் ஆளும் கியூபாவிலிருந்து ஓடி வந்த மனிதர். கியூபாவைக் காப்பாற்றக் கிளம்பியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம், நான் கியூபாக்காரன் என்று ஒரு பலகை எழுதி மாட்டக்கூடாதா என்றேன். “படத்தப் பாத்துட்டு வர்றவங்கம்மா இவங்க. நின்னு எழுத்தப் படிக்கவா போறாங்க?” என்றார். அன்றிலிருந்து கூட்டமாக யார் வந்தாலும் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். என் தெருவிலேயே இப்படி நடக்கிறேன்.

நான் எழுத வந்தது உன் தம்பி எமரியைப் பற்றி.

உன் படத்தை வெட்டிக் கட்டிலுக்கு மேலே குத்தி வைத்திருக்கிறான். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் மாநிலப் படையின் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான். சேர்ந்துவிடத் துடிக்கிறான். இருபத்தொன்று ஆகாதவனுக்குத் தாய் தகப்பன் சம்மதம் வேண்டுமாம். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவனுக்கு இருபத்தொன்று. அதன் பிறகு என் சம்மதம் யாருக்கும் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடும்போது பேச்சு வந்தது. உன் வேலை எப்படி நடக்கும் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். நீ பென்சிலில் கோடு மட்டும் போட்டு, வெற்றிடத்தில் ‘இங்கே தண்ணீர், கலங்கல்’, ‘இங்கே புகை’ என்று எழுதி அனுப்புவாய்; கடலையே பார்க்காத யாரோ நியூயார்க் அலுவலகத்தில் உட்கார்ந்து மையால் நிரப்புவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் நீயே சொன்னதுதானே? கண்ணிவெடி அவர்கள் நிரப்பியது என்றேன்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “கீழ அண்ணன் பேரு இருக்கு. அண்ணன் பொய் சொல்றான்னு சொல்றியா நீ?” என்றான். பதில் சொல்வதற்குள் உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்து, கோட்டைச் சுவரின் மேலே விரலை வைத்தான். “இது யாரு போட்டதாம்? ஆபீஸ்காரனா?”

ஒரு சிறகு மடங்கிய கடற்பறவை.

எட்டு வயதிலிருந்து உன் எல்லாப் படத்திலும் ஏதோ ஒரு மூலையில் அதைப் போடுவாய். அலுவலகத்தார் அதை ஏதோ கறை என்று நினைத்து ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிறார்கள் என்று எத்தனை முறை குறைப்பட்டிருக்கிறாய்! அச்சில் ஒரு தடவைகூட அது வந்ததில்லை. இந்தப் படத்தில் வந்திருக்கிறது. எமரி தூங்கியபின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சிறகின் மடிப்பும் கம்பியின் வளைவும் ஒரே கையால் போட்ட மாதிரி இருந்தன. அச்சுக் கோடுகளை வைத்து அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாது, எனக்குத் தெரியும். இந்த ஒரு முறை அவர்கள் பறவையைக் கறையென்று நினைக்காமல் இருந்திருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் அப்பாவும் இருபது வயதில்தான் உள்நாட்டுப் போருக்குப் போனார். ஒரு கையோடு திரும்பினார். நீங்கள் இருவரும் மடியில் ஏறி அந்தச் சண்டையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினார். அது அவருடைய பெருந்தன்மை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சொல்லியிருக்கலாம்.

நீ எமரிக்கு எழுத வேண்டும். எனக்கு அல்ல, அவனுக்கு. தந்தி வேண்டாம். உன் தந்தி முதலில் பத்திரிகை அலுவலகத்துக்குத்தான் போகும். என்னவாக வெளியே வரும் என்று தெரியாது. உன் கையால், பென்சிலால் எழுது. அந்தக் கம்பியைப் பார்த்தாயா, இல்லையா? அவ்வளவுதான். பார்த்திருந்தால் பார்த்தேன் என்று எழுது. நானே கையெழுத்துப் போட்டு அவனை அனுப்புகிறேன். பார்க்கவில்லை என்றால் அதை எழுது. ஏன், எதற்கு என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். உன் வேலை போனால் போகட்டும். உன் அறை அப்படியேதான் இருக்கிறது.

நான் சொல்வதை அவன் இனிக் கேட்க மாட்டான். நீ போடும் ஒரு பென்சில் கோட்டை நம்பி உயிரைக் கொடுக்கக் கிளம்பியிருக்கிறான், லோவல். செவ்வாய்க்கிழமைக் கப்பலில் இந்தக் கடிதம் ஏறும். உன் பதில் ஒன்பதாம் தேதிக்கு முன்னால் வர வேண்டும்.

நீ வீட்டுக்கு வரும் நாளில் உன் தம்பி வந்து கதவைத் திறக்க வேண்டும். கடவுள் உன் கண்களைக் காக்கட்டும். உன் கையையும்.

உன் அம்மா,
அகஸ்டா